புது இடத்து முதல் ராத்திரி

புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் வராது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் தங்கிவிட்டு வரும் அத்தை சொல்வார். ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்துவிட்டு வரும் சித்தப்பா சொல்வார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். அது ஏன் என்று என் தங்கை மகள்தான் கேட்டாள். பொன்முடியில், காலைச் சாயா குடிக்கும் நேரத்தில் கேட்டாள்.

பொன்முடி திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரா தாண்டி, கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். உயரம் சுமார் 1,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. கடற்கரை நகரத்தில் புழுங்கிக் கிடக்கிறவர்களுக்கு மேலே போனால் ஏழு டிகிரி சலுகை. நல்ல தூக்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"அடிச்சுப் போட்டது மாதிரி ஒறங்குவேன்னு நெனச்சேன் மாமா. விடிய விடிய முழிச்சுத்தான் கெடந்தேன். எங்கயோ தகரம் டப்புன்னு அடிச்சா ஒடனே கண்ணு தொறந்துக்கிடுது. இங்கயே இப்படின்னா அங்க என்ன செய்வேன்?"

அங்கே என்றால் ஐரோப்பா. ஜூனில் கிளம்பி இரண்டு மாதத்துக்கு மேல் சுற்றப் போகிறாள். விடுதி அறை, ஆறு பேர் படுக்கும் ஹாஸ்டல் கூடம், ராத்திரி ரயில், சினேகிதியின் வீட்டு சோபா, நடுவில் வளைகுடா விமான நிலையத்தில் ஓர் இரவு என்று பட்டியல் வைத்திருந்தாள். பல இடங்களில் ஒரு ராத்திரிதான். பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நீண்ட பயணம் போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவைப்படும்.

1966-இல் அக்னியூ, வெப், வில்லியம்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த முதல் ராத்திரித் தொல்லையை முறையாக எழுதி வைத்தார்கள். தூக்கத்தை ஆராய ஆட்களைக் கூட்டி வந்து, தலையில் மின்கம்பிகளை ஒட்டிப் படுக்க வைப்பார்கள். முதல் ராத்திரியின் பதிவு, அதே ஆளின் அடுத்த ராத்திரிகளோடு ஒத்துப் போகாது. தூங்கத் தொடங்கவே நேரமாகும், நடுவில் விழிப்பு அதிகம், கனவுத் தூக்கம் குறைவு. அதனால் முதல் ராத்திரிக் கணக்கை ஒதுக்கிவிட்டு இரண்டாம் ராத்திரியிலிருந்து எடுத்துக்கொள்வது ஆய்வுக்கூடங்களின் பழக்கமாயிற்று. அரை நூற்றாண்டுக் காலம் அது ஒரு தொந்தரவாக மட்டுமே கருதப்பட்டது.

2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யுகா சசாகி ஆகியோரின் குழு, ஒதுக்கித் தள்ளிய அந்த முதல் ராத்திரியையே எடுத்து ஆராய்ந்தது. கிடைத்த விஷயம் வியப்பானது. முதல் ராத்திரி ஆழ்ந்த தூக்கத்தின்போது மூளையின் இரண்டு பாதிகளும் ஒரே அளவில் தூங்கவில்லை. வலது பாதி ஆழமாகப் போயிற்று. இடது பாதியில் ஒரு பகுதி மேலோட்டமாகவே நின்றது. தூங்குகிறவர்களின் காதில் மெல்லிய ஓசைகளைச் சீராக ஒலிக்கவிட்டு, இடையிடையே வேறு மாதிரியான ஓர் ஓசையைச் சேர்த்தார்கள். வலது காதில், அதாவது இடது மூளைக்குச் செய்தி போகும் காதில், அந்த மாற்று ஓசை விழுந்தபோது அதிகம் விழித்தார்கள், சீக்கிரமும் விழித்தார்கள். சில நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி படுக்க வைத்தபோது இந்த வேறுபாடு காணவில்லை.

"அப்ப பாதி மூளை முழிச்சிருந்து காவல் காத்துதா?"

முழு விழிப்பு இல்லை, மக்களே. காவலுக்குப் போதுமான அளவு தூக்கத்தின் ஆழத்தைக் குறைத்துக்கொள்கிறது. டால்பினும் சில பறவைகளும் உண்மையாகவே மூளையின் ஒரு பாதியை விழிப்பில் வைத்துக்கொண்டு மறு பாதியைத் தூங்க விடக் கூடியவை. 1999-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வரிசையாகப் படுத்த வாத்துகளில் ஓரத்து வாத்துகள்தாம் அதிகமாக ஒரு கண்ணைத் திறந்து வைத்துத் தூங்கின. அந்தக் கண்ணும் கூட்டத்துக்கு வெளியே பார்த்த கண். நடுவில் படுத்தவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டன. நம்மிடம் இருப்பது அதன் லேசான சாயல். அறிமுகமில்லாத இடம், அறிமுகமில்லாத சத்தம், கதவு எந்தப் பக்கம் என்பதுகூட உடம்புக்குப் பழகவில்லை. தகரம் அடித்தவுடன் உன் கண் திறந்ததில் கோளாறு எதுவும் இல்லை. உன் உடம்பு உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ராத்திரிக்கு ஓர் ஊர் என்று திட்டம் போட்டால் ஒவ்வொரு ராத்திரியும் முதல் ராத்திரிதான். இரண்டாம் ராத்திரி வரவே வராது. நான் அவளுக்குச் சொல்ல நினைத்தது முக்கியமாக இதுதான். ஊர்களை எண்ணித் திட்டம் போடுகிறோம், ராத்திரிகளை எண்ணிப் போட வேண்டும்.

சசாகி இதோடு இன்னொன்றும் சொன்னார். மனித மூளை வளைந்து கொடுக்கக் கூடியது, அடிக்கடி இடம் மாறுகிறவர்கள் எப்போதும் கெட்ட தூக்கம்தான் தூங்குவார்கள் என்று இல்லை என்றார். இதைக் கேட்டதும் எனக்கு இந்தப் பகுதியோடு தொடர்புடைய ஒருவர் நினைவுக்கு வருகிறார். பொன்முடிக்குக் கீழே திருவனந்தபுரத்தில், 1892 டிசம்பரில், பேராசிரியர் சுந்தரராம ஐயர் வீட்டில் ஒன்பது நாள் தங்கியிருந்த ஒரு துறவி. எர்ணாகுளத்திலிருந்து ஒரு முஸ்லிம் வழித்துணையோடு வந்து சேர்ந்தார். தான் சரியாகச் சாப்பிட்டு இரண்டு நாளாகியும், முதலில் கூட வந்தவருக்குச் சாப்பாடு போடுங்கள் என்றார். அங்கிருந்துதான் கன்னியாகுமரிப் பாறைக்குப் போனார். விவேகானந்தர்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சிகாகோ சொற்பொழிவையே எழுதுகிறார்கள். அந்த மனிதர் எங்கெங்கே படுத்துத் தூங்கினார் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் அது வேறொரு வரலாறாக இருக்கிறது. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த பணமும், கேத்ரி மன்னரின் உதவியும் சேர, 1893 மே 31-இல் பம்பாயில் கப்பல் ஏறினார். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், பிறகு ஜப்பான். ஜூலை நடுவில் யோகோஹாமாவில் மறுபடி கப்பல் ஏறி, 25-ஆம் தேதி வான்கூவரில் இறங்கினார். வடபசிபிக் குளிருக்குத் தக்க உடுப்பு இல்லாமல் மிகவும் கஷ்டப்பட்டதாகப் பிற்பாடு அளசிங்கருக்கு எழுதினார். சிகாகோவில் சில நாள் தங்கியதிலேயே பணம் கரைந்தது. செலவு குறையும் என்று பாஸ்டன் பக்கம் போனார். ரயிலில் பழகிய கேட் சான்பார்ன் என்ற அம்மையாரின் பண்ணை வீட்டில் இடம் கிடைத்தது.

செப்டம்பரில் சிகாகோ திரும்பினால், போக வேண்டிய முகவரி எழுதிய தாள் தொலைந்துவிட்டது. அந்த ராத்திரி ரயில்வே சரக்கு முற்றத்தில் ஒரு காலிப் பெட்டிக்குள் படுத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மறுநாள் வீடு வீடாக உதவி கேட்டுத் துரத்தப்பட்டு, களைத்துத் தெருவோரம் உட்கார்ந்தவரை எதிர் வீட்டிலிருந்து பார்த்து உள்ளே அழைத்தவர் ஹேல் அம்மையார். அந்தச் சொற்பொழிவு நடந்த மாநாட்டு நாட்களில் செல்வந்தர் வீட்டு மெத்தை கிடைத்தது. அந்த மெத்தையில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. தாய்நாட்டின் வறுமையை நினைத்து அழுது, தரையில் புரண்டு கிடந்தார் என்பது சீடர்கள் வழிவந்த செய்தி.

"சரக்குப் பெட்டியில ஒறங்கினவருக்கு மெத்தையில வரலையா?"

இதுதான் கவனிக்க வேண்டிய இடம். இந்தியா முழுக்கச் சத்திரத்திலும் அரண்மனையிலும் மரத்தடியிலும் படுத்துப் பழகிய உடம்பு அது. இடம் மாறுவது அந்த உடம்புக்குப் பெரிய விஷயமே இல்லை. மனசு காவல் நின்றால் மெத்தையும் உதவாது. அதன்பின் ஒரு சொற்பொழிவு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மேடிசன், மினியாபொலிஸ், டெமாயின், மெம்ஃபிஸ் என்று குளிர்காலம் முழுக்க ஊர் மாறினார். 1894-இல் டெட்ராய்ட்டில் அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார். அவருடைய கடிதங்களைப் படிக்கிறபோது நான் மாற்றத்தை உணரும் இடம் அதே ஆண்டு கோடை. மேய்ன் மாநிலத்தில் கிரீனேக்கர் என்ற இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தவர்களோடு ஒரு ராத்திரி பைன் மரத்தடியில் வெறும் தரையில், நட்சத்திரங்களுக்குக் கீழே தூங்கியதை ஹேல் வீட்டுப் பெண்களுக்கு ஒரு குழந்தையின் குதூகலத்தோடு எழுதுகிறார். அடுத்த கோடையில் தௌசண்ட் ஐலண்ட் பூங்காவில் ஒரே வீட்டில் ஏழு வாரம் நிலைத்துத் தங்கினார். அங்கே சொன்னவை தனி நூலாயின. ஊர் மாறிக்கொண்டே இருந்த மாதங்களில் அந்த வேலை நடந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு பழகிய உடம்பும் எல்லாவற்றையும் தாங்கிவிடவில்லை. ஆஸ்துமா, நீரிழிவு, தூக்கமின்மை மூன்றும் அவரைப் படுத்தின. 1902-இல் காலமானபோது வயது 39.

இன்னொரு விஷயத்தில் அவர் நம்மைவிடக் கொடுத்து வைத்தவர். யோகோஹாமாவுக்கும் வான்கூவருக்கும் இடையே சூரியக் கணக்கில் ஆறரை மணி நேர வித்தியாசம். கப்பல் அதைப் பன்னிரண்டு நாளில் கடந்தது, ஒரு நாளைக்கு அரை மணிக்குச் சற்று மேல். உடம்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியும். நீ போவது விமானம். ஒரே நாளில் நாலரை மணி நேரத்தைத் தாண்டிவிடுவாய்.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் என்று சொல்கிறோமே, அது உண்மையிலேயே ஓர் இடத்தில் இருக்கிறது. கண்ணிலிருந்து வரும் நரம்புகள் மூளைக்கு அடியில் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னத் திரள். அதன் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் இல்லை; பெரும்பாலோருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதல். தினமும் வெளிச்சம் அதைத் திருத்தி வைக்கிறது. உயிரணுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சுற்று கொஞ்சம் நீளம் என்பதால் நேரத்தைத் தள்ளிப் போடுவது உடம்புக்குச் சுலபம், முன்னுக்கு இழுப்பது கடினம். மேற்கே போகும்போது சீக்கிரம் ஒத்துப் போவதும், கிழக்கே திரும்பும்போது படாதபாடு படுவதும் இதனால்தான். கிழக்கே வரும்போது ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொன்முடி பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது டிகிரிகூட இல்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ஆறரைக்கு இருட்டும் என்பதை நம் உடம்பு பிறந்ததிலிருந்து நம்பி வந்திருக்கிறது. ஜூனில் லண்டனில் சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேலாகும். வடக்கே ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி போனால் பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். காலையில் நாலு மணிக்கே ஜன்னலில் வெயில் அடிக்கும். போன முதல் இரண்டு நாள் அந்த நீண்ட மாலை உனக்கு உதவி. சாயங்காலம் ஆறு மணிக்கே கண் சொருகும், ஏனென்றால் ஊரில் அப்போது பத்தரை. அறைக்குப் போய்ப் படுக்காதே, வெளியே வெளிச்சத்தில் நட. மாலை வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், உனக்கு வேண்டியதும் அதுதான். பழகிய பிறகு அதே வெளிச்சம் தொந்தரவு. அப்போது கண்ணை மறைக்கும் துணிப்பட்டை வேண்டும். விலை குறைவு என்று அதை அலட்சியம் செய்கிறவர்கள்தாம் அதிகாலை நாலு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள்.

ராத்திரி ரயிலைப் பற்றி அவள் ஆசையாகக் கேட்டாள். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போய் வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்புதான். ரயில் ஆட்டத்தில் தூக்கம் வருவதும் கற்பனை இல்லை. 2011-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மெல்ல ஆடும் கட்டிலில் பகல் தூக்கம் தூங்க வைத்துப் பார்த்தபோது, ஆடாத கட்டிலைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள், தூக்கமும் ஆழமாக இருந்தது. தொட்டில் கட்டிய தாய்மார்கள் ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை. ஆனால் வியன்னாவிலிருந்து ஓடும் நைட்ஜெட் போன்ற வண்டிகளில் ஆறு பேர் அறையில் முன்பின் தெரியாதவர்கள் ஏறி இறங்குவார்கள். வாடகை மிச்சம் என்று அடுத்தடுத்து இரண்டு ராத்திரி ரயிலிலேயே கழிக்க வேண்டாம். ரயில் ராத்திரிக்குப் பிறகு ஒரே ஊரில் இரண்டு மூன்று ராத்திரி இருக்கட்டும்.

குளிரைப் பற்றியும் ஒன்று. குளிர்ந்தால் நன்றாகத் தூங்கலாம் என்பது பாதி உண்மை. தூக்கம் வர வேண்டுமானால் உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். அந்த வெப்பம் வெளியேறுவது முக்கியமாகக் கை கால் வழியாக. பாதம் விறைத்திருந்தால் அங்கே ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், வெப்பம் வெளியேறாது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள் 1999-இல் இதை எழுதினார்கள்: பாதம் சூடாக இருந்தவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். அறை குளிரலாம், கால் குளிரக் கூடாது. பொன்முடியில் நேற்று அவள் வெறுங்காலோடு படுத்திருந்தாள். பருத்திக் காலுறை ஒரு ஜோடி, தூங்க மட்டும், என்று பட்டியலில் எழுதச் சொன்னேன். வீட்டுத் தலையணை உறை ஒன்றும், பழைய சாரம் ஒன்றும் சேர்க்கச் சொன்னேன். ஒவ்வொரு ஊரிலும் மெத்தை மாறும், மணம் மாறும், போர்வை மாறும். முகத்தில் படுகிற துணியாவது மாறாமல் இருக்கட்டும். எந்தப் பட்டியலில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதே என்றேன்.

ரெண்டாவது கட்டன் சாயா வாங்க எழுந்தவளை, பகல்தானே, குடிக்கலாம் என்று விட்டேன். சாயங்காலமானால் விட்டிருக்க மாட்டேன். தேயிலையில் இருக்கும் காஃபீனில் பாதி உடம்பிலிருந்து கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பயணத்தில் களைப்பைப் போக்க மாலையில் குடிக்கிற காப்பி, ஏற்கெனவே காவலில் நிற்கிற மூளைக்கு இன்னும் கொஞ்சம் விழிப்பைக் கொடுக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவது நல்லது.

ஹாஸ்டல் கூடத்தில் பெண்பிள்ளைகள் தனியாகத் தங்கும் அறையாகப் பார், சுவரோரக் கட்டிலைக் கேள், பாஸ்போர்ட்டும் பணமும் பூட்டிய பிறகு படு என்று சொன்னதற்கு, "அம்மை மாதிரியே பேசுதீங்க மாமா" என்றாள். அம்மை பயத்தில் சொல்வதும் இந்தக் கணக்கும் ஒன்றுதான். பூட்டு போட்ட பெட்டி, தெரிந்த கதவு, முதுகுக்குப் பின்னால் சுவர் எல்லாம் மூளையின் காவல் வேலையைக் குறைக்கின்றன. காவல் குறைகிற அளவுக்குத் தூக்கம் ஆழமாகும். போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் செலவழித்துக் கழிவறை எங்கே, விளக்குப் பொத்தான் எங்கே, ராத்திரி வெளியேற வழி எது என்று நடந்து பார்த்துக்கொள். இருட்டில் தேடாமல் இருப்பதே பாதி நிம்மதி.

பிறகு பட்டியலை மேஜைமேல் விரித்து உட்கார்ந்தோம். ஒரு ராத்திரி மட்டும் இருந்த ஊர்களில் பாதிக்கு மேல் அவளே அடித்தாள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பெயர்களை எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்தாளோ. மிஞ்சிய ஊர்களுக்கு மூன்று, நாலு ராத்திரி கிடைத்தது. ஓர் ஊரில் அறை எடுத்து, பக்கத்து ஊரைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு அதே கட்டிலுக்குத் திரும்புவது என்று சில இடங்களை மாற்றினாள். அடிபட்ட ஊர்களில் மூன்று அப்படித் திரும்பி வந்தன.

கடைசி ஊர் லண்டன். அங்கிருந்து திரும்புகிற நாளைப் பற்றி அவள் எதுவும் எழுதவில்லை, வீட்டுக்கு வந்தால் தூங்கிக்கொள்ளலாம் என்றாள். கிழக்கே வருகிற அந்தப் பயணம்தான் கடினம் என்று மறுபடி சொன்னேன். திருவனந்தபுரத்தில் இறங்கிய முதல் நாள், காலை ஒன்பது மணி வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், வெயிலில் நிற்காதே. உன் உடம்புக்கு அப்போதும் பின்னிரவு, அந்த நேரத்து வெளிச்சம் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். ஒன்பதுக்குப் பிறகு நல்ல வெயிலில் நட. மறுநாள் எட்டு மணி, அதற்கு மறுநாள் ஏழு மணி என்று முன்னால் கொண்டு வா. நாலைந்து நாளில் சரியாகிவிடும்.